உப்பிட்டவர் யார்?

'சோல்ட்டேர்ன்' என்று ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிற் பெரும்பாலோர் இன்று அதனை அறியார். அறிந்தோரும் வரலாற்று நூல்களிலும் கடற்கரை இடப்பெயர்களிலுமே அதனைக் கண்டிருப்பர். பிறந்த நாட்டில் வழக்கருகிப்போன இச்சொல் இலங்கையில் மட்டும் நாள்வழக்கில் நிலைபெற்றுள்ளது. அம்பாந்தோட்டை, புத்தளம், மன்னார், ஆனையிறவு ஆகிய இடங்களிலுள்ள உப்பளங்களை அரசாங்க அறிக்கைகளும் ஆங்கிலப் பத்திரிகைகளும் இப்பெயராலேயே குறித்து வருகின்றன. ஆங்கிலேயர் சென்றனர், அவர் தம் நாட்டிலே கைவிட்ட ஒரு சொல் நம் நாட்டு உப்பு வெளியிலே தங்கிவிட்டது.

இச்சொல்லின் பிறப்பை ஆராய்வதனால் நமக்கு வரும் பயன் யாது என வாசகர் வினவுதல் இயல்பே. சொற்பிறப்பாராய்ச்சி ஓய்வுமிக்க பண்டிதரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் முற்போக்காளரிடையே பரவலாக உண்டு. அவ்வெண்ணம் உருவானமைக்குப் பண்டிதரே பெரிதும் பொறுப்பாவர். எனினும், ஒரு சொல் எவருடைய வாயிற் பிறந்தது, எவருடைய கணக்கேட்டிற் குடியேறியது, எவரை ஏவுதற்குப் பயன்பட்டது என்று கேட்கத் தொடங்கியவுடன் சொல்லாராய்ச்சி சமுதாய ஆராய்ச்சியாகி விடுகிறது. ஈண்டு நாம் மேற்கொள்வது அவ்வகைக் கேள்வியே.

'சோல்ட்' என்பது உப்பு, யாவரும் அறிந்ததே. 'ஏர்ன்' என்பதுதான் மறைந்த சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில் அதற்கு வீடு என்பது பொருள். எனவே 'சோல்ட்டேர்ன்' என்றால் உப்பு வீடு. இதே 'ஏர்ன்' வேறு சில சொற்களுக்குள்ளும் உருத்தெரியாமல் புதைந்து கிடக்கிறது. தானியக் களஞ்சியத்தைக் குறிக்கும் 'பார்ன்' என்னும் சொல் பழைய வடிவில் வாற்கோதுமை வீடு என்ற பொருளுடையது. வீடு வாசலைக் கலைத்துக் கொள்ளையிடுதலைக் குறிக்கும் 'ரான்சாக்' என்னும் சொல், வடபுலத்து நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் முற்பகுதியாகிய 'ரன்' என்பதும் வீடே. ஆங்கில 'ஏர்ன்' அதற்கு உடன்பிறப்பு. வீட்டைத் துருவித் தேடுதல் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். ஆனையிறவுச் சோதனைச் சாவடியிலே மூட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டிக் காத்து நின்ற தலைமுறையினருக்கு, உப்பு வீடும் வீட்டுச் சோதனையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தன என்பது விந்தையாகத் தோன்றாது.

உப்புக்கு ஏன் வீடு வேண்டும்? ஆங்கிலேயரின் நாட்டிலே வெயில் போதாது. கடல்நீரை வெயிலில் விட்டால் மழை வந்து கெடுத்துவிடும். ஆகவே உவர்நீரைச் சேகரித்து, கூரையின் கீழ் ஈயத்தாலான தட்டுகளில் ஊற்றி, மரமும் முற்றாநிலக்கரியும் எரித்துக் காய்ச்சினர். 1086 ஆம் ஆண்டு நோர்மானிய மன்னன் வில்லியம் தான் வென்ற நாட்டின் நிலபுலம், ஆடுமாடு, குடிகள் அனைத்தையும் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்னும் பேரேட்டில் எழுதுவித்தபோது நூற்றுக்கணக்கான உப்பு வீடுகளும் அதில் இடம்பெற்றன. அவற்றை அவன் எண்ணியதற்குக் காரணம் உப்பின்மீது கொண்ட காதலன்று. ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதே அவனுக்கு வேண்டிய செய்தி. ஆக, உப்பு வீடு என்னும் சொல் ஏட்டில் ஏறும்போதே வரிப்பணத்தோடு ஏறுகிறது.

அச்சொல் கடல் கடந்து ஆனையிறவுக்கு வந்தபோது அதன் பொருளிற் பாதி வழியிலே உதிர்ந்துபோயிற்று. இங்கே உப்புக்கு வீடில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் பிணைக்கும் ஒடுங்கிய தரைப்பகுதியில், கடனீரேரியின் ஓரமாக, கூரையற்ற வெட்டவெளியிலே பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. ஏரி நீரை முதலில் பெருந்தேக்கங்களில் விட்டு வைப்பர். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க உவர் செறிவு மிகும். சுண்ணச்சத்து சிப்பமாக முதலில் அடியிற் படிந்துவிட, எஞ்சிய நீரை விளைபாத்திகளுக்குப் பாய்ச்சுவர். அங்கேதான் உப்பு பூக்கும். அதன்பின்னும் நீரை அப்படியே வற்றவிடலாகாது. மக்னீசியம் கலந்த கசப்பு நீரை உரிய தறுவாயில் வடித்துவிடாவிடின் உப்புக் கைக்கும். ஒரு தொன் உப்பைப் பெறுவதற்கு முப்பது தொன்னுக்கு மேற்பட்ட கடல்நீர் வானில் ஆவியாதல் வேண்டும். விறகுச் செலவில்லை என்பது மெய். ஆனால், சோளகக் காற்று அனலாய் வீசுகின்ற மாதங்களில், நிழலென்று ஒதுங்க ஒரு மரமுமில்லாத அவ்வெளியிலே, மரப்பலகை பொருத்திய நீண்ட கோலினால் உப்பை வாரி வரம்பிற் குவிக்கும் மனிதரின் உடலும் அவ்வெயிலிலேயே காய்கிறது. கீழே உவர்நீர் காலை அரிக்கும். மேலே ஞாயிறு சுடும். எதிரே வெண்மை கண்ணைப் பறிக்கும். கூர்ச்சரத்தின் கச்சுப் பகுதியில் உப்பெடுக்கும் தொழிலாளர் இறந்தால், உவரில் ஊறி இறுகிய அவர்களுடைய பாதங்கள் சிதையிலும் எளிதில் வேகா என்று சொல்வர். தூத்துக்குடி உப்பளத்தார் பட்ட பாட்டை ராஜம் கிருஷ்ணன் 1979 இல் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலாக எழுதினார். ஆனையிறவுக்கு அத்தகைய ஒரு நாவல் இன்னும் வாய்க்கவில்லை; போர்ப் பரணிகள் மட்டும் வாய்த்திருக்கின்றன.

நம்முடைய சொல்லோ நேர்மையானது. அளம் என்றால் உப்பு விளையும் நிலம். வீடில்லாத இடத்தில் வீடு கட்டுவதில்லை. சங்கப் பாடல்களில் உப்பு வணிகராகிய உமணர் வண்டி வண்டியாகச் சுரம் கடந்து செல்கின்றனர். அவர் மகள் நெல்லுக்கு நேராக உப்பைத் தருவதாகத் தெருவிற் கூவி விற்கிறாள். சோழர் காலத்தில் 'உப்பாயம்' என்னும் வரி வருகிறது. வணிகனின் வண்டியும் அரசனின் வரியும் இவ்வாறு ஏட்டிலும் கல்லிலும் நன்கு பதிந்துள்ளன. பாத்தியில் நின்றவனைப் பற்றிய செய்தி மட்டும் அருமையாகவே கிடைக்கிறது.

இனி, கூலியைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ஊதியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய 'சலரி' என்பது இலத்தீனில் உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதிலிருந்து பிறந்தது. இதனை விளக்கப் புகுந்தோர், றோமப் படைவீரருக்கு உப்பே சம்பளமாக அளிக்கப்பட்டது என்று எழுதினர். நாமும் வகுப்பறைகளில் அதனைச் சுவையாக எடுத்துரைத்து வருகிறோம். ஆனால் வீரர்களுக்கு உப்பை அளந்து கொடுத்தமைக்குப் பண்டை இலத்தீன் நூல்களிற் சான்றில்லை. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் அச்சொல்லுக்கும் உப்புக்கும் தொடர்புண்டென்று குறிப்பிட்டது உண்மை. உப்பு மூட்டையோடு வீடு திரும்பிய வீரனை அவர் காட்டவில்லை. தமிழில் இதற்கொப்ப ஒரு கதை உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாக அளிக்கப்பட்டமையால் 'சம்பளம்' என்னும் சொல் உண்டாயிற்று என்பது அக்கதை. கேட்கச் செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. அகராதிக்காரரோ அதனை வடமொழிச் 'சம்பலம்' என்பதன் வழி வந்ததாகக் காட்டுகின்றனர். அதன் பொருள் வழிப்பயணத்துக்கான உணவு, அதாவது கட்டுச்சோறு.

சொற்கள் தம் பொருளை உணர்த்துவதற்குரிய காரணம் பார்த்த மாத்திரத்திற் புலப்படாது என்ற கருத்தைத் தொல்காப்பியர் சொல்லிவைத்துள்ளார். அவர் எச்சரிக்கையை மறந்தவர்களே சம்பாவையும் அளத்தையும் ஒட்டினர் என்று சிரித்துவிட்டு அகலலாம். நான் அவ்வாறு அகல விரும்பவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நாட்டாரும் சம்பளத்துக்குள் உப்பைத் தேடியது ஏன்? உழைத்தவனுக்கு உரியது கையில் எடுத்து எண்ணிப் பார்க்கக்கூடிய உண்மைப் பொருளாய், சோறாய், உப்பாய் ஒரு காலத்தில் இருந்தது என்று நம்புவதில் மக்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. மதிப்பிழந்துகொண்டே போகும் தாள்நோட்டைக் கையில் வைத்திருப்பவனுக்கு அக்கற்பனை இனிக்காமல் என்ன செய்யும்? 2022 இல் நமது ரூபாய் சரிந்து, மாதச் சம்பளம் மாதத்தின் பாதியிலே தீர்ந்துபோன நாட்களில் அதனை நாம் யாவரும் உணர்ந்தோம்.

மெய்யான சொற்பிறப்போ கதையினும் கூரியது. சம்பளம் என்றால் கட்டுச்சோறு. கட்டுச்சோற்றின் அளவு யாது? போய்ச் சேருமளவுக்கு, அதற்கு மேல் இல்லை. தொழிலாளி நாளையும் உயிரோடு வேலைத்தலத்துக்கு வந்து சேர்வதற்கும், தனக்குப்பின் வேலைக்கு வர ஒரு பிள்ளையை வளர்ப்பதற்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கூலியாகும் என்று கார்ல் மார்க்ஸ் நிறுவிய கருத்தை, அவர் பெயரையே கேட்டிராத ஒரு பழஞ்சொல் தன் வயிற்றிலே சுமந்து வந்திருக்கிறது. சொல் தத்துவத்தை நிறுவிவிடாது என்பதை உடனே சேர்த்துக் கூறுதல் வேண்டும். ஒரு சொல்லின் பிறப்பு நீதிமன்றச் சாட்சியன்று. எனினும் அது நம் காதைத் திருகி ஒரு திசையிற் பார்க்கச் செய்யும். பார்த்தபின் காண்பது நம் பொறுப்பு.

அவ்வாறு திரும்பிப் பார்க்குமிடத்து நம் எதிரே நிற்பது ஒரு பழமொழி: உப்பிட்டவரை உள்ளளவும் நினை. தமிழரின் ஒழுக்கவியலை ஒரே வரியில் அடக்குக என்றால் நம்மிற் பலர் இதனையே எடுத்து ஓதுவர். இதன் தமையன் செஞ்சோற்றுக்கடன். கும்பகருணன் தன் தமையன் செய்தது தவறென்று அறிந்தும் அவனுக்காகப் போர்க்களம் புகுந்தான். கன்னன் எதிரிகள் தன் தம்பியர் என்று அறிந்தபின்னும் துரியோதனனை விட்டு நீங்கினானல்லன். கூத்துக் கொட்டகைகளில் இவர்களுக்காக ஊரே அழுதிருக்கிறது. அவ்வழுகையை நான் எள்ளவில்லை. தவறென்று தெரிந்த பக்கத்திலே நின்று மடிவதை ஓர் உயர்ந்த அறமாக நமக்குக் கற்பித்தது எது என்பதே என் வினா. உண்ட சோறு அவர்களைக் கட்டிற்று. சோற்றிலே உப்பிருந்தது.

இக்கட்டு தமிழருக்கு மட்டும் உரியதன்று. பாரசீக மொழியினின்று வட இந்திய மொழிகளிற் புகுந்த 'நமக்கலால்', 'நமக்கராம்' என்னும் சொற்கள் உப்புக்கு உண்மையாயிருப்பவனையும் உப்புக்குத் துரோகம் செய்தவனையும் குறிப்பன. கிழக்கிந்தியக் கும்பினியார் தம் சிப்பாய்களின் விசுவாசத்தை இச்சொற்களாலேயே கட்டிவைத்தனர். 1857 இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, உண்ட உப்பை மறந்த துரோகிகள் என்னும் வசை அவர்கள்மீது சொரியப்பட்டது. அவ்வுப்பு யாருடையது? வங்காளத்து உப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தன் ஏகபோகமாக்கிக்கொண்ட நிறுவனமல்லவா அது? வங்காளக் கரையில் உப்புக் காய்ச்சிய ஏழைகளின் தொழில் நசித்தது. லிவர்ப்பூல் துறைமுகத்திலிருந்து செஷையர் உப்பு கப்பலேறி வந்து கல்கத்தாவில் விற்கப்பட்டது. உப்பு வரி ஏய்க்கப்படாதிருக்க, வட இந்தியாவின் குறுக்கே இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட ஒரு சுங்க எல்லையை நிறுவி, அதன் பெரும்பகுதியில் முள்வேலி வளர்த்துக் காவலும் போட்டனர். 1879 இல்தான் அது கைவிடப்பட்டது. நாட்டு மக்களின் உப்பைப் பறித்து, அவர்களுக்கே விலைக்கு விற்று, அதில் ஒரு சிட்டிகையைச் சிப்பாயின் சோற்றிலிட்டு, உப்பிட்டவரை நினை என்று உபதேசித்த கூட்டத்துக்கு நன்றி என்பது மலிவான முதலீடு.

இலங்கையிலும் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவே. உப்பு அரசாங்க ஏகபோகமாயிருந்தது. கடனீரேரிகள் வற்றும் கோடையில் எவர் முயற்சியுமின்றித் தானே விளைந்த உப்பை அனுமதியின்றி அள்ளுவதும் குற்றமாயிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் வேதாரணியத்தில், 1930 ஏப்பிரலில் இராஜாஜி தலைமையிலே திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் கடற்கரையிற் கைப்பிடி உப்பை அள்ளிச் சிறை புகுந்தனர். அதற்குச் சில நாட்கள் முன்னர் தண்டியிலே காந்தியடிகள் அள்ளிய பிடியுப்பை உலகமே பார்த்தது. அந்தப் பிடியுப்பு ஓர் அரசியற் செயல் மட்டுமன்று. உப்பிட்டவர் யார் என்னும் வினாவுக்கு அது ஒரு விடையுமாகும். கடல் இட்டது, வெயில் இட்டது, அள்ளிய கை இட்டது, சாம்ராச்சியம் இடவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுதல் கூடும். நன்றி மறவாமை மனிதப் பண்புகளுள் தலையாயது. அதனைக் குறைத்துரைப்பது மனிதரை மிருகமாக்குவதாகும் என்பர். அது மெய், முற்போக்காளர் சிலர் நன்றியையே நிலப்பிரபுத்துவச் சரக்கென்று ஒதுக்கித் தள்ளுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் நன்றிக்கு உரியது எது? வள்ளுவர் செய்ந்நன்றியறிதலைப் பேசும்போது, முன்பு தனக்கொன்றும் செய்திராத ஒருவனுக்குக் கைம்மாறு நோக்காமற் செய்யும் உதவியையே விண்ணிலும் மண்ணிலும் உயர்த்துகிறார். கூலி அத்தகைய உதவியாகுமா? கூலி வாங்குபவன் அதற்கு முன்பே தன் உழைப்பைக் கொடுத்துவிட்டான். நாட்கூலிக்காரன் பொழுதுபடும் வரையும், மாதச் சம்பளக்காரன் முப்பது நாளும் தன் உழைப்பை முதலாளிக்குக் கடனாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். தொழிலாளியே முதலாளிக்குக் கடன் கொடுப்பவன் என்பதை 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் சுட்டிக்காட்டியுள்ளார். ஆகவே இருவருள் ஒருவர் கடனாளி எனின் அவர் உப்பு வாரியவர் அல்லர். சம்பள நாளிலே தீர்வது முதலாளியின் கடன். அக்கடனைத் தீர்த்தவன் தன்னை வள்ளல் என்று எண்ணிக்கொள்ளலாம். தீர்க்கப்பெற்றவன் அப்படி எண்ணவேண்டும் என்று கேட்பதுதான் துணிச்சல்.

அதனினும் மேலான ஒன்று உண்டு. முதலாளி உண்ணும் சோற்றிலுள்ள உப்பு எங்கிருந்து வந்தது? அதிகாரி உண்ணும் சோற்றில்? கோயில் ஐயர் நைவேத்தியத்தில்? கட்டுரை எழுதும் ஆசிரியன் உண்ணும் சோற்றில்? 'உப்பிட்டவர்' என்னும் சொல்லை அதன் நேர்ப்பொருளிற் கொள்வோமாயின், இந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் உப்பிட்டவர் பாத்தியில் நிற்கும் அந்த மனிதரும் அந்தப் பெண்ணுமே. அவர்களை உள்ளளவும் நினைப்பது இருக்கட்டும்; ஒருவேளை உண்ணும்போதாவது எவர் நினைக்கிறார்? பழமொழி பொய்யன்று. அதன் விலாசத்தைத்தான் யாரோ இடையில் மாற்றிவிட்டனர்.

ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, உப்பை விளைவிப்பது வெயிலும் கடலுந்தானே? மனிதன் வாரிக் குவிக்க மட்டுந்தானே செய்கிறான்? அப்படியிருக்க அவனை உப்பிட்டவன் என்பது எப்படிப் பொருந்தும்?" நல்ல கேள்வி, இதற்கு விடை சொல்லாமல் மேலே செல்லலாகாது. கடல்நீர் தானே வற்றினால் கசப்பும் சுண்ணமும் மண்ணும் கலந்த ஒரு பொருக்கே எஞ்சும். எந்த நாளில் மடையைத் திறப்பது, எந்த நாளில் கசப்பு நீரை வடிப்பது, மழை இருட்டு எந்தப் பக்கம் எழுந்தால் எவ்வளவு விரைவில் வார வேண்டும் என்னும் அறிவு கடலுக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. நெல்லை விளைவிப்பதும் மழையே என்று சொல்லி உழவனைத் தள்ளிவிட எவரும் துணியார். உப்பளத்தானை மட்டும் அவ்வாறு தள்ளமுடிவது, அவனுக்கு நிலமில்லை, ஏரில்லை, அவனைப் புகழப் புலவர் வரவில்லை என்பதனாலேதான்.

இதுவரை கூறியவற்றைத் தனியார் முதலாளியை முன்னிறுத்திச் சொல்லுதல் எளிது. ஆனையிறவோ அரசுக்குச் சொந்தமான உப்பளம். பொதுவுடைமையை விரும்பும் நாம் இதனால் மகிழ வேண்டியவர்களே, மகிழ்கிறோமா? உடைமையாளர் 'மக்கள்' எனின், தொழிலாளி தானும் ஒரு பங்குடையவன் ஆகிறான். தனக்குத் தானே உப்பிட்டுக்கொள்பவன் எவருக்கும் விசுவாசக் கடன் பட்டவனல்லன். நடைமுறையிலோ, அரசு என்னும் சொல் மக்களிடமிருந்து வெகு எளிதில் பிரிந்து தனியொரு எசமானாகி விடுகிறது. அப்போது பழைய பழமொழியும் புதிய வேடம் பூண்டு வரும். "அரசாங்கம் உங்களுக்கு வேலை தந்திருக்கிறது, நன்றியோடிருங்கள்" என்று மேடையிற் பேசப்படும். வேலை தருதல் என்னும் வழக்கே ஆராய்தற்குரியது. உண்மையில் வேலையைத் தருபவன் தொழிலாளி, வாங்கிக்கொள்பவர் மற்றவர். மொழி தலைகீழாய் நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இதனை நேராக்குவதால் மட்டும் உப்பளத்தில் ஒரு நிழற்கூடமும் எழும்பிவிடாது என்பதை நான் அறிவேன். ஆயினும், தன்னைக் கடனாளி என்று நம்புபவன் நிழற்கூடம் கேட்பதற்கே கூசுவான். கடன் கொடுத்தவன் என்று அறிந்தவன் கூசான். அவ்வளவே சொல்லால் ஆவது, அது சிறிதுமன்று.

ஆனையிறவு என்னும் பெயரைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. 'இற' என்னும் வினைக்குப் பழந்தமிழில் கடத்தல், அப்பாற் செல்லுதல் என்பதே முதன்மைப் பொருள். சுரத்தைக் கடந்து சென்ற தலைவனைச் சுரம் இறந்தான் என்பர். கடந்துபோன காலம் ஆதலின் இறந்தகாலம் என்கிறோம். எனவே ஆனைகள் நீரைக் கடந்த இடம் ஆனையிறவு. வன்னியிற் பிடிபட்ட ஆனைகளை இவ்வழியே குடாநாட்டுக்கு நடத்திச் சென்று, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினர். வன்னியர் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் ஆனைகளைத் திறையாக இறுத்தனர். ஆங்கிலேயர் இட்ட பெயரும் ஆனைக் கடவை என்னும் பொருளதே. 'இறவு' என்பதற்கு இறால் என்றும் ஒரு பொருள் உண்டு. கடனீரேரியில் இறாலும் நிறைய உண்டு. ஆதலால் ஆனையளவு இறால் அகப்பட்ட ஊர் என்று வாதிக்க விரும்பும் சொல்லாராய்ச்சியாளர் எவரேனும் வரின் அவரை நான் தடுக்கப்போவதில்லை.

ஆனால் 'இறத்தல்' என்னும் சொல் கடத்தலிலிருந்து சாதலுக்கு நகர்ந்தது போலவே இவ்வூரின் வரலாறும் நகர்ந்தது. 1991 இல் இங்கே வாரக்கணக்காகப் பெரும்போர் நடந்தது. 2000 ஏப்பிரலில் விடுதலைப் புலிகள் முகாமைக் கைப்பற்றினர். 2009 சனவரியில் அரசுப் படை அதனை மீட்டது. நாட்டின் நாற்றிசையினின்றும் வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் இவ்வுவர் நிலத்தில் மாண்டனர். அவர்கள் அனைவருக்கும் செஞ்சோற்றுக்கடன் கற்பிக்கப்பட்டிருந்தது. கற்பித்தவர்கள் வேறு வேறு மொழியிற் கற்பித்தனர். போரின்போது உப்பளம் பாழடைந்தது. நாட்டின் மிகப் பெரிய உப்பளங்களுள் ஒன்றாயிருந்த இடம் நெடுங்காலம் உப்பு விளையாமற் கிடந்தது. இன்று வீதியோரத்தில் நிற்பவை நினைவுச் சின்னங்கள். சுற்றுலாப் பயணிகள் வண்டியை நிறுத்திப் படமெடுத்துச் செல்கின்றனர். அவர்கள் முதுகுக்குப் பின்னே பாத்திகள் இருக்கின்றன.

2025 மார்ச்சு மாதத்தில் ஆனையிறவில் மேசையுப்பு ஆலை திறந்துவைக்கப்பட்டது. அவ்வுப்புக்குச் சூட்டப்பட்ட பெயர் 'ரஜ லுணு'. சிங்களத்தில் அதன் பொருள் அரச உப்பு. ஆனையிறவு விளைவித்ததற்கு ஆனையிறவுப் பெயர் வேண்டும் என்று தமிழ் மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அது நியாயமான குரலே. ஓர் ஊரின் விளைவிலிருந்து அவ்வூரின் பெயரைத் துடைப்பது சிறிய காரியமன்று. அதே ஆண்டில் மழையினால் நாடெங்கும் உப்புத் தட்டுப்பாடு நேர்ந்து, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதியாயிற்று. அதே ஆண்டில் ஆனையிறவு உப்பளத் தொழிலாளரும் தம் வேலை நிலைமைகளை முன்வைத்துப் போராட்டத்தில் இறங்கினர். பெயருக்காக எழுந்த குரலின் ஓசையோடு ஒப்பிடுகையில் இந்தக் குரலுக்குக் கிடைத்த செவிகள் குறைவு என்பது என் கணிப்பு. மொழியுணர்ச்சியும் வர்க்க உணர்ச்சியும் ஒன்றையொன்று கொல்ல வேண்டியதில்லை. இவ்விடத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. அரசனுடைய உப்பு என்று எழுதியதிலே தவறு மொழியில் மட்டும் இல்லை. தமிழில் 'அரசன் உப்பு' என்று எழுதியிருந்தாலும் அது பொய்யே. அரசன் எந்நாளும் பாத்தியில் இறங்கியதில்லை.

பொதியின்மேல் நிறையை அச்சிடுகிறார்கள், விலையை அச்சிடுகிறார்கள், அயடீன் சேர்க்கப்பட்டதென்று அச்சிடுகிறார்கள். வாரியவரின் நாட்கூலியை அச்சிடச் சட்டம் எதுவும் இல்லை. ஓர் அங்குல இடம் போதும். மாரி ஓய்ந்து நீர் தெளிந்ததும் வரம்பு கட்டுவோர் மறுபடி வெளியில் இறங்குவர். அவர்களுள் பெண்கள் பலர். விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டு வருபவர்கள். அந்தச் சோற்றுக்கு உப்பைக் கடையிலே காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.